கதாநாயகன் வாந்தி எடுக்கக்கூடாது

காதல் நகைச்சுவைப் படம் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாம் ஒரே அச்சு, பார்த்ததையே எத்தனை முறை பார்ப்பது என்று சலித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. நான் மராத்திக்காரர்கள் ஊரான போசரியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரஸ்ஸில் அடித்து வருகிற தகட்டுப் பாகங்களைக் கையில் எடுத்து, முதலில் வந்ததும் கடைசியில் வந்ததும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரே மாதிரி இருப்பதை நான் ஏன் திட்டப்போகிறேன்? அச்சு ஒழுங்காக இருந்தால் எத்தனை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும். இந்தப் படங்களின் அச்சே கோணல் என்பதுதான் என் வழக்கு.

எப்படிக் கோணல் என்று சொல்கிறேன். அவள் தடுக்கி விழ வேண்டும், அவன் பிடிக்க வேண்டும். அவள் உடுப்பில் காபி கொட்ட வேண்டும், அவன் கைக்குட்டை நீட்ட வேண்டும். அவளுக்கு ஏதோ ஒரு வேலை இருக்கும், ஆனால் அவள் அந்த வேலையைச் செய்து ஒருநாளும் நாம் பார்த்திருக்க மாட்டோம். அவளுக்கு ஒரு தோழி இருப்பாள். பாவம், அந்தத் தோழிக்கு வீடு வாசல், வயிற்றுவலி, வாடகை எதுவும் கிடையாது, புத்தி சொல்வது ஒன்றுதான் பிழைப்பு. ஒரு போன் போட்டுக் கேட்டால் தீர்ந்துபோகிற சந்தேகத்தை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். பிறகு அவன் ஓடுவான், முன்பின் தெரியாத ஜனங்கள் நின்று கைதட்டுவார்கள். இத்தனை படத்தில் ஒன்றிலாவது அவன் நிஜமாகவே ஆடிப்போய், பார்க்கச் சகிக்காத கோலத்தில் கிடந்து, அவள் தாங்கிப் பிடித்தது உண்டா? அவன் விழுந்தாலும் தலைமுடி கலையாமல் எழுந்திருப்பான்.

சினிமாதானே, விட்டுத் தள்ளு என்பார்கள். தள்ளியிருப்பேன். கல்யாணத்துக்கு முன்னால் என்னையும் அந்த அச்சில் வைத்து ஓர் அடி அடித்தார்கள். அதில் எனக்குப் போனது சின்னப் பொருள் இல்லை.

எங்கள் வீடு நிக்டியில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மாப்பிள்ளை வீடு கோர்படியில். அவர்கள் திருநெல்வேலிக்காரர்கள், மாமனார் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்தவர். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பெண் பார்க்க வந்தார்கள், போனார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை. தனியாக ஒருமுறை பேசிப் பார்க்கட்டுமே என்று இரண்டு வீட்டிலும் பெரிய மனது வைத்தார்கள். எங்கே என்று மாப்பிள்ளை போனில் கேட்டபோது, நிக்டியில் நான் வழக்கமாகப் போகிற மிசல் கடையைச் சொன்னேன். எனக்குப் பிடித்த இடம், எனக்குப் பிடித்த பண்டம். முளைகட்டிய பயறுக் குழம்பில் மிக்சர் தூவி, மேலே சிவப்பாக மிதக்கிற தர்ரி என்ற காரக் குழம்பை ஊற்றி, பாவ் ரொட்டியோடு கொடுப்பார்கள்.

அவர் கோர்படியிலிருந்து பைக்கில் வந்திறங்கினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. காரம் அதிகமாக இருக்கும், பரவாயில்லையா என்று கேட்டேன். "நாங்க திருநெல்வேலிங்க. காரம்லாம் எங்களுக்குச் சாதாரணம்" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். தனக்கு மராத்தி தண்ணீர்பட்ட பாடு என்பதையும் எனக்குக் காட்ட வேண்டியிருந்தது. கடைக்காரரைப் பார்த்து, "தாதா, அஜுன் தர்ரி த்யா" என்றார். இன்னும் ஊற்றச் சொல்கிறார். கடைக்காரரும் தாராளமாக ஊற்றினார். மாப்பிள்ளை வீட்டில் என் மாமனாருக்கு வயிற்றுப்புண் என்பதால் எப்போதும் பத்தியச் சமையல் மாதிரிதான் என்பதும், மாப்பிள்ளை பிறந்தது முதல் நல்ல காரம் என்ற ஒன்றை நாக்கில் வைத்ததே இல்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தமிழனாகப் பிறந்தால் மிளகாய் தானாக வந்துவிடும் என்ற மிதப்பு.

முதலில் காது சிவந்தது. பிறகு பேச்சு நின்றது. பிறகு எழுந்து வெளியே போனார். நான் போய்ப் பார்த்தபோது நிறுத்தியிருந்த ஒரு டெம்போவைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை பாழ். நான் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் தண்ணீர்ச் செம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, வேண்டியதைவிட அதிக நேரம் வேடிக்கை பார்த்தார். அந்த நிலையில் மாப்பிள்ளையால் பைக் ஓட்ட முடியாது. எங்கள் வீடு பக்கத்தில்தான், வாருங்கள் என்றேன். "உங்க அப்பா மட்டும் பாத்துட்டார்னா நான் செத்தேங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பைக்கைக் கடையிலேயே விட்டுவிட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்து, என் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து, கோர்படி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். நெடுஞ்சாலையில் அவர் என் தோளைத் தட்டும்போதெல்லாம் ஓரம் கட்டினேன்.

அவர் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. முன்னால் லாரி, பின்னால் பஸ், எல்லாரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். தலையைத் தூக்கி வைத்துக்கொள்ளத் தெம்பில்லாமல் அவர் நெற்றியை என் முதுகில் சாய்த்துக்கொண்டார். அப்படியே பேசினார்.

"எனக்குக் காரமே ஆகாதுங்க. உங்க முன்னாடி பெரிய ஆள் மாதிரி காட்டிக்கணும்னு தோணிடுச்சு. இன்னும் நெறைய ஆகாது. இருட்டு ஆகாது. நாலு பேருக்கு முன்னாடி பேசச் சொன்னா கை வேர்த்துடும். எங்க அம்மாகிட்டகூட இதெல்லாம் சொன்னதில்ல. இப்பவே சொல்லிடறேன். பின்னாடி தெரிஞ்சு நீங்க ஏமாந்துடக் கூடாது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரியும், முடியாததை முடிகிற மாதிரியும் பேசுகிற ஆண்களைத்தான் வீட்டில் அப்பாவிலிருந்து வேலையில் மேனேஜர் வரைக்கும் பார்த்திருந்தேன். தன்னை இப்படித் திறந்து காட்டுகிற ஒரு ஆளை அன்றுதான் பார்த்தேன். வாந்தி நாற்றமும் டீசல் புகையும் சேர்ந்து அடிக்கிறது, நான் என்னவோ சந்தனம் பூசிக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அந்த கேட் இன்னும் கொஞ்ச நேரம் திறக்காமல் இருந்தால் தேவலை என்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், இந்த இடத்தையே முடித்துவிடுங்கள் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த காதல் இதுதான். ஒரு சாயங்காலம், அவ்வளவுதான், ஆனால் அதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது.

நிச்சயம் ஆனதும் ப்ரீ-வெட்டிங் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். இந்த ஊரில் இப்போது மேளம் இல்லாமல்கூடக் கல்யாணம் நடக்கும், அது இல்லாமல் நடக்காது. ஜோடி சந்தித்த கதையை நான்கு நிமிஷப் படமாக எடுத்து வரவேற்பில் பெரிய திரையில் போடுவார்கள். ஜாதகம் பார்த்து, சம்பளம் விசாரித்து, சொந்தக்காரர்கள் பேசி முடித்த கல்யாணங்களுக்கும் அந்த நான்கு நிமிஷத்தில் தற்செயலாக ஒரு மோதல் நடந்தே தீரும். படம் எடுக்கிறவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தாடி, திருப்பிப் போட்ட தொப்பி, பாதி இந்தி பாதி மராத்தி. முன்பு எடுத்த படங்களைப் போட்டுக் காட்டினார். எல்லாவற்றிலும் அதே காபிக் கோப்பை கொட்டியது.

உங்கள் கதை என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். தர்ரியிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் பெருமையாகவே சொன்னேன். பக்கத்தில் மாப்பிள்ளை காது சிவக்கத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடிக்காரர் நன்றாகச் சிரித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"சூப்பர் கதை மேடம். ஆனா ஹீரோ வாந்தி எடுக்கக்கூடாது" என்றார் இந்தியில்.

"ஏன்?"

"ஹீரோவா இருக்க முடியாது அப்புறம். ஹீரோயின் வேணும்னா இருமலாம். நீங்க காரம் தாங்காம இருமுங்க, கண்ணு கலங்கட்டும், அவர் தண்ணி குடுத்து வீட்டுல கொண்டுவந்து விடட்டும். க்யூட்டா இருக்கும்."

மாப்பிள்ளை ஏதாவது சொல்வார் என்று திரும்பிப் பார்த்தேன். பரீட்சை ஒத்திப்போடப்பட்ட பையன் மாதிரி அவர் முகம் தெளிந்திருந்தது. "இதுவும் நல்லாத்தானே இருக்கு" என்றார். பொய்தானே என்றேன். தாடிக்காரர் போன பிறகு மாப்பிள்ளை வாசலில் நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நாலு நிமிஷப் படம். ஊருக்குக் காட்ட. நிஜம் எதுன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்ல?" அந்தக் கடைசி வார்த்தைக்காகச் சரி என்றேன். ஊர் எதையோ பார்த்துவிட்டுப் போகட்டும், நிஜம் எங்கள் இருவருக்குள் பத்திரமாக இருக்கும் என்பது ஒருவிதத்தில் இன்னும் நன்றாகத்தான் இருந்தது.

தளேகாவ் போகிற வழியில், இந்தப் படங்களுக்காகவே வாடகைக்கு விடுகிற ஒரு மைதானம் இருக்கிறது. பிளைவுட்டில் ஒரு ரயில் பெட்டி, பிளைவுட்டில் ஓர் ஐரோப்பியத் தெரு, சிவப்பு டெலிபோன் கூண்டு, காபி இல்லாத காபிக்கடை. நாங்கள் போனபோது ஜோடிகள் வரிசையில் நின்றார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு ஜோடி பெஞ்சில் முதுகைக் காட்டிக்கொண்டு கோபித்துக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு ஜோடி அதே பெஞ்சில் கோபித்துக்கொள்வதற்காகப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தது. கோபித்து முடித்தவர்கள் எழுந்து ரயிலுக்குப் போனார்கள். எங்கள் பிரஸ் ஷாப்பில்கூட ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அச்சுக்கு எண்ணெய் போடுவோம், இங்கே அதற்கும் நேரமில்லை.

என்னை ஃபைல்களோடு தடுக்கி விழச் சொன்னார்கள். இரும்புத் துகள் சிதறிக்கிடக்கிற தரையில் பாதுகாப்புக் காலணி போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடக்கிறவள் நான். கையில் எடுத்த அளவுகோலை ஒருநாளும் கீழே போட்டதில்லை. நான் ஏன் விழ வேண்டும் என்று கேட்டேன். "படத்துல நீங்க கொஞ்சம் அசட்டுத்தனமான பொண்ணு மேடம்" என்றார் தாடிக்காரர். விழுந்தேன். பிறகு ஆறிப்போன மிசலை முன்னால் வைத்து இருமச் சொன்னார்கள். பாவாடை கறைபடும் என்று அதில் தர்ரியே ஊற்றவில்லை. உப்புச் சப்பில்லாத பயறைத் தின்றுவிட்டு உயிர் போகிற மாதிரி இருமினேன். மாப்பிள்ளை தண்ணீர் கொடுத்தார், என் மூக்கைத் துடைத்தார். அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் நான் சாய்ந்துகொண்டேன். கடைசியில் நகராத ரயிலின் பக்கத்தில் அவர் ஓடினார். நன்றாகவே ஓடினார். ஓடி முடித்து மூச்சு வாங்க, எப்படி இருந்தது என்று கேட்டார். என்னை அல்ல, தாடிக்காரரை. வரிசையில் நின்ற மற்ற ஜோடிகள் கைதட்டினார்கள்.

வரவேற்பில் படம் ஓடியபோது என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார்: "எம் புள்ள எப்படித் தாங்கிப் பிடிக்கான், பாத்தியளா."

அதற்கு அடுத்த வாரமே வினை தொடங்கியது. கோர்படி வீட்டில் குழம்பு கொதிக்கிறது, அத்தை மிளகாய்ப்பொடி டப்பாவை மூடுகிறார். "ஒனக்குக் காரம் ஆவாதுல்லா. கொஞ்சமாத்தான் போட்டிருக்கேன்." பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு தயிர்ச்சோறு சாப்பிடுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். சாப்பாட்டுத் தட்டுக்கு அந்தப் பக்கம் அவரைப் பார்த்தேன். அவர் யாருக்கும் தெரியாமல் கண்ணடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ரகசியம் அங்கே இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்காக அந்தச் சப்பென்ற குழம்பை விழுங்கினேன். தொடர்ந்து விழுங்கினேன். அவர் வயிற்றுக்கு வேண்டிய சாப்பாடு என் பேரில் அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. நான் தொழிற்சாலை கேன்டீனில் மிளகாய் வாங்கிக் கடித்துக்கொண்டேன்.

நண்பர்கள் வந்தால் அவர் அந்தக் கதையைச் சொல்வார். முதலில் "படத்துல இவ இப்படி இருமுவா" என்பார். சில வருஷத்தில் "படத்துல" என்பது கழன்று விழுந்தது. பிறகு சட்டைப் பொத்தான் மாதிரி விவரங்கள் சேர்ந்தன. அன்று நான் மஞ்சள் துப்பட்டா போட்டிருந்தேனாம். மஞ்சள் துப்பட்டா தளேகாவ் மைதானத்தில் வாடகைக்கு வாங்கியது. கண்ணடிப்பது எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. அவருக்கு நாலு பேர் முன்னால் பேச வராது என்று சொன்னாரே, இந்த ஒரு கதையை மட்டும் அத்தனை கோர்வையாகச் சொல்வார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் இப்போது நிக்டியில் தனி வீட்டில் இருக்கிறோம், அத்தை வந்திருந்தார். மூன்றாம் வகுப்பு படிக்கிற எங்கள் மகள் தோழியின் பிறந்தநாளுக்குப் போய்விட்டு, முகம் வீங்கித் திரும்பி வந்தாள். அங்கே மிசல் போட்டிருக்கிறார்கள். இவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் வாந்தி எடுத்துவிட்டாள். பையன்கள் சிரித்திருக்கிறார்கள். என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"நான் உன்ன மாதிரியேம்மா. பாய்ஸ் எல்லாரும் சாப்ட்டாங்க. நம்மளாலதான் முடியாது, ஹே நா, இல்லியாம்மா?"

என் உடம்பு எரிந்தது. அப்பாவின் வயிற்றை அப்படியே கொண்டு பிறந்த பெண், அது தன் பெண்பிறவிக்கு வந்த குறை என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். எங்கே கற்றாள் என்று கேட்க வேண்டாம். அந்த நான்கு நிமிஷம் அவளுக்கு மனப்பாடம். அவளை நிமிர்த்தி உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். காரம் ஆகாதது எனக்கில்லை, உன் அப்பாவுக்கு. வாந்தி எடுத்தது அவர், ஸ்கூட்டர் ஓட்டியது நான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்தது என்று சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திக் கேட்டாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, சச்சி?" நிஜமா என்று இந்தியில் கேட்டாள்.

அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சிரித்தார். "அம்மா உன்னச் சமாதானப்படுத்தறதுக்காகச் சொல்றாடா" என்றார்.

"வீடியோல அம்மாதான் இருமுறா" என்று மகள் முடிவு சொல்லிவிட்டாள். ரிமோட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் போனாள்.

அத்தைக்கு என்மேல் கோபம். "எம் புள்ளையவா சொல்லுத? அவன் சின்னதுலயே பச்ச மொளகாயக் கடிச்சிக்கிட்டுத் திரிவான்."

கணவரைப் பால்கனிக்குக் கூப்பிட்டேன். குரலை அடக்கிக்கொண்டுதான் பேசினேன். "அத்தை முன்னாடி ஒத்துக்க வெட்கமா இருந்தா இருக்கட்டும். பாப்பாகிட்ட தனியாச் சொல்லுங்க. அன்னிக்கு கேட்ல என்கிட்ட சொன்னீங்களே, அதை அப்படியே அவகிட்டச் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

"எந்த கேட்?" என்றார்.

நடிக்கிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். மயிரிழை விரிசல்களைக் கண்ணால் தேடிப் பிடிக்கிற வேலை என்னுடையது. அந்த முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டவர் மாதிரி என் தோளைத் தொட்டு, பொறுமையாக எடுத்துச் சொன்னார். "மிசல் கடைக்குப் போனோம். உனக்கு ஒத்துக்கல. நான்தானே வீட்டுல கொண்டுவந்து விட்டேன். நீ பின்னாடி உட்கார்ந்து என் முதுகுல சாஞ்சுக்கிட்டு வந்த. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

உள்ளே படம் ஓடியது. நான் இருமுகிற இடம் வந்ததும் மகள் சிரித்தாள், இவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டு உண்மையை வாங்கியிருப்பேன். அவர் பொய் சொல்லவில்லை. காரம் ஆகாது, இருட்டு ஆகாது என்று என் முதுகில் முகம் வைத்துச் சொன்ன அந்த ஆளைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அந்தச் சாயங்காலம் இப்போது எனக்கு மட்டும்தான் நடந்திருக்கிறது.